நின்றுவிட்டது போலத் தெரிந்த சக்: லேத்துக்கு நானே செய்த எல்.இ.டி. விளக்கு

வீட்டுப் பட்டறையில், உலோகத் தண்டைச் சுழற்றிக் கடையும் என் சிறிய லேத்துக்குத் தனி விளக்கு செய்ய வேண்டும் என்ற எண்ணம் ஒரு பித்தளைத் தண்டுக்கு மெருகேற்றிக்கொண்டிருந்த இரவில் வந்தது. வேகத்தை நிமிடத்துக்கு 2000 சுற்று வரை உயர்த்தியிருந்தேன். காதுக்கவசம் அணிந்திருந்ததால் மோட்டாரின் ஓசை கேட்கவில்லை. தலைக்கு மேல் எரிந்த மலிவான எல்.இ.டி. பல்பின் வெளிச்சத்தில், தண்டைப் பிடித்துச் சுழற்றும் சக்கின் மூன்று தாடைகளும் அசையாமல் நிற்பதை என் கண்ணால் கண்டேன். இயந்திரத்தை அணைத்துவிட்டதாகவே நம்பித் தண்டைத் தொடக் கையை நீட்டினேன். விரல் நுனியில் காற்று வீசியதை உணர்ந்த பிறகுதான் சக் முழு வேகத்தில் சுழன்றுகொண்டிருப்பது புரிந்து கையை இழுத்துக்கொண்டேன்.

காரணம் எளிய கணக்குதான். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் விளக்கினுள் மின்னோட்டத்தைச் சமன்படுத்தும் சுற்று சரியாக இல்லாவிட்டால், அது நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கும். நிமிடத்துக்கு 2000 சுற்று என்பது நொடிக்கு ஏறத்தாழ 33.3 சுற்று, மூன்று தாடைகள் என்பதால் ஒரே இடத்தை நொடிக்கு 100 தாடைகள் கடக்கின்றன. ஒவ்வொரு முறை வெளிச்சம் எழும்போதும் முந்தைய தாடை நின்ற இடத்தில் அடுத்த தாடை வந்து நிற்பதால், கண்ணுக்குச் சக் உறைந்துவிட்டது போலத் தோன்றுகிறது. பின்னர் எட்ட நின்று 1000 சுற்றில் ஓட்டிப் பார்த்தபோது, கணக்குப்படியே ஆறு மங்கலான தாடைகள் தெரிந்தன. 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள இடங்களில் இதே மயக்கம் 2400 சுற்றில் ஏற்படும். விளக்கு எவ்வளவு பிரகாசமானது என்பதை விட அது துடிக்காமல் எரிகிறதா என்பதே முதல் கேள்வி என்று அன்று முதல் உறுதியாக நம்புகிறேன்.

விளக்கின் உடலை அதே லேத்திலேயே கடைந்தேன். 50 மி.மீ. விட்டமுள்ள அலுமினியத் துண்டை எடுத்து, முகத்தைச் சமமாகச் சீவி, வெளிப்புறத்தில் ஐந்து பள்ளங்களை வெட்டியதும் வெப்பத்தை வெளியேற்றும் விசிறிமடிப்புகள் கிடைத்துவிட்டன. தனித்தனியே 20 மி.மீ. அகல நட்சத்திர வடிவத் தகட்டில் பொருத்தி விற்கப்படும் மூன்று எல்.இ.டி.களை முக்கோணமாக வைத்தால் அந்த முகத்தில் சரியாக அடங்குகின்றன. அடியில் வெப்பத்தைக் கடத்தும் தெர்மல் பேஸ்டை மெல்லிய படலமாகத் தடவித் திருகால் இறுக்கினேன். 700 மில்லி ஆம்பியர் தாங்கும் எல்.இ.டி.களுக்கு 500 மட்டுமே கொடுக்கிறேன். ஒரு மணி நேரம் எரிந்த பிறகும் உடலைத் தயக்கமின்றித் தொட முடிகிறது. சூடு குறைந்தால் எல்.இ.டி.யின் ஆயுள் நீளும் என்பதால் இந்தச் சிக்கனம் பயனுள்ளதே.

மின்சாரத்தில்தான் பெரிய தவறு செய்தேன். பழைய 24 வோல்ட் மின்மாற்றி ஒன்று கையில் இருந்தது. அதன் வெளியீட்டை நான்கு டயோடுகளால் நேர்மின்சாரமாக்கி, மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன்படுத்த 35 வோல்ட் என்று எழுதியிருந்த கெப்பாசிட்டரையும், எல்.இ.டி.க்குச் செல்லும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்த 30 வோல்ட் வரை தாங்கும் டிரைவரையும் இணைத்தேன். மாறுதிசை மின்சாரத்தின் 24 வோல்ட் என்பது அதன் உச்ச அளவு அன்று, உச்சம் 1.414 மடங்கு, அதாவது ஏறத்தாழ 34 வோல்ட் என்பதும், சுமை குறைவாக இருக்கும்போது மின்மாற்றி குறிப்பிட்டதை விடக் கூடுதலாகவே தரும் என்பதும் எனக்குத் தெரிந்த செய்திகள்தாம். ஆயினும் அவசரத்தில் அவற்றை எண்ணிப் பார்க்கவில்லை. டிரைவர் உடனே கருகியது. கெப்பாசிட்டரின் தலையில் இருந்த குறுக்குக் கீறல் மெல்ல மேலெழும்பிப் புடைத்து நின்றது. இப்போது, வீட்டு மின்சாரத்திலிருந்து முழுமையாகப் பிரிக்கப்பட்ட 24 வோல்ட் நேர்மின்சார அடாப்டரையும், மின்னோட்டத்தை நிலையாக வைத்திருக்கும் புதிய டிரைவரையும் பயன்படுத்துகிறேன். எண்ணெயும் இரும்புச் சீவலும் தெறிக்கும் இடத்தில் விளக்கின் தலைக்கு 230 வோல்ட்டைக் கொண்டுசெல்ல நான் ஒருபோதும் துணியமாட்டேன்.

விளக்கை எங்கே வைப்பது என்பதைக் கற்கத்தான் அதிக நாள் பிடித்தது. முதலில் நேர் மேலே வைத்தேன். எல்லாம் வெளிச்சமாக இருந்ததே தவிர எதுவும் தெளிவாக இல்லை. தோளுக்குப் பின்னால் வைத்தபோது குனிந்தவுடன் என் தலையின் நிழல் விழுந்தது. இறுதியில், சக்குக்கு எதிர்முனையில் உள்ள டெயில்ஸ்டாக் பக்கத்திலிருந்து, கடையும் தண்டை உரசிச் செல்வது போலத் தாழ்வான கோணத்தில் திருப்பி வைத்தேன். அந்தக் கணமே, மாலை வெயிலில் உழவு சால்கள் எழுந்து தெரிவது போல, வெட்டுளி விட்டுச்சென்ற ஒவ்வொரு வரியும் தண்டின் மேல் எழுந்து தெரிந்தது. ஓரிடத்தில் வரிகள் கரடுமுரடாக மாறியிருந்ததைக் கண்டு, வெட்டுளியின் முனை மழுங்கியிருப்பதை அளவுகோல் இல்லாமலே அறிந்துகொண்டேன்.

* * *

லேத் விளக்கைப் பற்றி நீங்கள் எழுதிய அனுபவத்தைப் படித்ததும், துளையிடும் என் டிரில்லிங் மெஷினுக்கு நான் செய்த வளைய விளக்கைப் பற்றிச் சொல்லத் தோன்றுகிறது. 12 வோல்ட் எல்.இ.டி. பட்டையை, மூன்று மூன்று எல்.இ.டி.யாக வெட்டுவதற்குக் குறியிட்ட இடத்தில் நறுக்கி, சக்குக்கு மேலே வளையமாக ஒட்டினேன். நிழலே விழாத வெளிச்சம் கிடைத்தது. அதுவே குறையாகவும் ஆனது. இரும்புத் தகட்டில் வளையத்தின் பிம்பம் பளபளத்ததால் நான் கீறியிருந்த கோடு மறைந்துபோனது. நிழல் இல்லாததால் டிரில் பிட்டின் முனை, துளையிட வேண்டிய இடத்தைக் குறிக்க அடித்த பஞ்ச் குழியிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்றும் கணிக்க முடியவில்லை. வளையத்தை நீக்கிவிட்டு இடமும் வலமுமாக இரண்டு சிறிய விளக்குகளை வைத்தேன். இப்போது பிட்டின் இரண்டு நிழல்கள் இரு பக்கமும் விழுகின்றன. பிட் இறங்க இறங்க அவை நெருங்கி, முனை தகட்டைத் தொடும் இடத்தில் ஒன்றாகச் சேர்கின்றன. நிழல்கள் சேரும் புள்ளி பஞ்ச் குழிக்குள் விழுகிறதா என்று பார்த்தாலே போதும்.

பட்டையின் பசையை நம்ப வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். எண்ணெய் பட்டுப் பட்டு அது ஒரு நாள் உரிந்து, சுழலும் சக்கின் மேல் தொங்கியது. நல்லவேளையாகப் பக்கத்தில் நின்றிருந்தேன். இப்போது அலுமினியச் சட்டத்தில் வைத்துத் திருகால் பிடித்திருக்கிறேன். கம்பியையும் கையளவு இடைவெளிக்கு ஒரு கிளிப் போட்டு இயந்திரத்தின் உடலோடு கட்டியிருக்கிறேன்.

* * *

உங்கள் இருவரின் அனுபவத்தையும் படித்துவிட்டு நானும் எழுதுகிறேன். என்னிடம் இருப்பது, வளையமான ரம்பப் பட்டை ஓடி மரம் அறுக்கும் பேண்ட் சா. அதன் எல்.இ.டி. விளக்கின் அடாப்டர் நல்லதாக இருந்தும், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் ஒன்றைச் சேர்த்த பிறகு, ஓடும் ரம்பத்தின் பற்கள் தனித்தனியாக நடுங்குவது போலத் தெரிந்தன. அத்தகைய டிம்மர்கள் பெரும்பாலும் மின்சாரத்தை நொடிக்குப் பல நூறு முறை விட்டுவிட்டு வழங்கியே ஒளியைக் குறைக்கின்றன என்பதால், நல்ல அடாப்டரால் நீக்கிய துடிப்பை நாமே மீண்டும் சேர்த்துவிடுகிறோம். இதைக் கண்டறியக் கருவி தேவையில்லை. இயந்திரத்தை அணைத்துவிட்டு, பட்டறையை இருட்டாக்கி, அந்த விளக்கின் கீழ் ஒரு வெள்ளைக் குச்சியை வேகமாக இடமும் வலமும் ஆட்டிப் பாருங்கள். நிலையான ஒளியில் குச்சி ஒரே மங்கலான விசிறியாகத் தெரியும். துடிக்கும் ஒளியில் தனித்தனிக் குச்சிகளாக அடுக்கித் தெரியும்.

விளக்கின் மூடியைப் பற்றியும் ஒரு செய்தி: அக்ரிலிக் மூடியில் படிந்த பிசினைத் தின்னரால் துடைத்தேன். மறுநாள் அது முழுவதும் முடியிழை போன்ற விரிசல்கள் ஓடியிருந்தன.

* * *

என் லேத் விளக்கைப் படித்துப் பதில் எழுதிய இருவருக்கும் நன்றி. நேற்று இரவு என் புதிய விளக்கின் கீழ் குச்சியை ஆட்டிப் பார்த்தேன். இடைவெளி இல்லாத விசிறியாகத்தான் தெரிந்தது. தலைக்கு மேல் இருந்த பழைய பல்பின் கீழ் அதே குச்சி ஏழெட்டாகப் பிரிந்து தெரிந்ததால், அந்தப் பல்பை உடனே கழற்றிவிட்டேன். என் விளக்குக்கும் அக்ரிலிக் மூடிதான் போட்டிருந்தேன். சூடான சீவல்கள் ஒட்டி உருகிய புள்ளிகள் ஏற்கெனவே அதில் இருந்தன. உறுதியூட்டிய கண்ணாடி வில்லை ஒன்றைப் பொருத்துவதற்காக, விளக்கின் முகத்தில் 3 மி.மீ. ஆழத்துக்குப் படி வெட்டும் வேலையை இன்று தொடங்கியிருக்கிறேன்.