600 சிசி சூப்பர்ஸ்போர்ட் பைக்: நாலுவழிச் சாலையிலும் சூடு இறங்கவில்லை, உதவி தேவை

பாளை ரைடர்:
வணக்கம். கைமாற்றி வாங்கிய 600 சிசி, நாலு சிலிண்டர் வண்டி. வண்ணார்பேட்டை சிக்னலில் நின்றால் டெம்பரேச்சர் மீட்டர் 104 டிகிரி காட்டுகிறது, ஃபேன் ஓடுகிறது. சரி, இந்த வெயிலுக்கு அது எதிர்பார்த்ததுதான். ஆனால் நாங்குநேரி பக்கம் 90 கி.மீ. வேகத்தில் சீராகப் போனாலும் 98 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை. ஒரு கடையில் பெரிய ஃபேன் மாட்டச் சொல்கிறார்கள். மாட்டலாமா? ரொம்ப ஆசைப்பட்டு வாங்கிய வண்டி.

மேலப்பாளையம் பட்டறை:
தம்பி, ஃபேனில் காசைப் போடாதீங்க. ஓடும் வண்டிக்கு எதிர்க்காற்றே போதும். 2006-க்குப் பிறகு வந்த யமஹா ஆர்6, ஹோண்டா சிபிஆர்600ஆர்ஆர், சுசுகி ஜிஎஸ்எக்ஸ்-ஆர்600 எல்லாவற்றிலும் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 67 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 42.5 மி.மீ. பிஸ்டன் அகலம், ஓட்டம் குட்டை. அதனால்தான் 13,000 ஆர்பிஎம்மைத் தாண்டிச் சுற்றி, 120 குதிரைத்திறனை ஒட்டித் தருகிறது. அவ்வளவு சூட்டுக்காகச் செய்த ரேடியேட்டருக்கு 90-ல் போவதெல்லாம் ஒரு பொருட்டா? அப்போதும் இறங்கவில்லை என்றால் கூலன்ட் (இன்ஜின் சூட்டைத் தணிக்கும் திரவம்) சரியாகச் சுற்றவில்லை, இல்லை ரேடியேட்டர் அடைத்திருக்கிறது.

ஆறிய வண்டியை ஸ்டார்ட் செய்து சூடு 90 டிகிரி தாண்ட விடுங்க. இன்ஜினை அணைத்து, ஃபேனில் கைபடாமல் ரேடியேட்டர் ஹோஸ்களைத் தொட்டுப் பாருங்க. மேல் ஹோஸ் சுட்டு, கீழ் ஹோஸ் ஆறிக் கிடந்தால் முதலில் தெர்மோஸ்டாட்டைத்தான் (சூடானதும் கூலன்டுக்கு வழிவிடும் வால்வு) சந்தேகப்படணும். ரெண்டும் சுட்டும் ரேடியேட்டரில் இடையிடையே ஆறின திட்டு இருந்தால் உள்ளே அடைப்பு. சூட்டோடு ரேடியேட்டர் மூடியை மட்டும் திறந்துடாதீங்க. உள்ளே அழுத்தம் இருக்கும், முகத்தில் அடிக்கும்.

ராதாபுரத்துக்காரன்:
அண்ணாச்சி சொன்னதோடு ஒன்று. கூலன்ட் என்ன நிறம்? எங்கள் பக்கம் போர்வெல் தண்ணீர் உப்பு. அதை ஊற்றினால் உள்ளே காரை படியும். தாமிரபரணித் தண்ணீரும் வேண்டாம். டிஸ்டில்டு வாட்டரும் கூலன்டும் பாதிக்குப் பாதி, சிலிகேட் இல்லாத ரகம். சிலிகேட் கலந்தது வாட்டர் பம்ப் சீலைத் தேய்த்துவிடும்.

பாளை ரைடர்:
பார்த்தேன். ரெண்டு ஹோஸும் சுடுகிறது, ரேடியேட்டரின் இடது பாதி மட்டும் வெதுவெதுப்பு. ஆறியபின் திறந்தால் பழுப்புத் தண்ணீர், கூலன்ட் வாசனையே இல்லை. ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யக் கொடுத்திருக்கிறேன். தெர்மோஸ்டாட்டையும் மாற்றவா?

மேலப்பாளையம் பட்டறை:
வெந்நீரில் போட்டுப் பாருங்க. 80 டிகிரியை ஒட்டித் திறக்க ஆரம்பித்தால் அதையே மாட்டலாம். புதுக் கூலன்ட் ஊற்றியதும் மூடியைத் திறந்தபடி ஐடிலில் ஓடவிட்டு, ஹோஸை அமுக்கி அமுக்கிக் காற்றை வெளியேற்றுங்க. மறுநாள் ஆறிய பிறகு மட்டம் பார்த்து, குறைந்ததை நிரப்பிவிட்டு நாங்குநேரிக்குக் கிளம்புங்க.