‘ஷுர்லி’ என்றால் ‘நிச்சயமாக’வா?

கேள்வி: மெயிலில் ‘ஐ வில் ஷுர்லி செண்ட் இட் டுமாரோ’ என்று எழுதினால் தப்பா? அகராதியில் ‘நிச்சயமாக’ என்றுதானே இருக்கு?

பதில் 1: இலக்கணப்படி தப்பில்லை, காதுக்குத்தான் உறுத்தும். வாக்குக் கொடுக்கும்போது ‘டெஃபினட்லி’ போடுங்க. வாக்கியத் தொடக்கத்தில் வரும் ‘ஷுர்லி’ பெரும்பாலும் உறுதி சொல்வதில்லை, ஆமாம் என்ற பதிலை எதிர்பார்க்கும். ‘ஷுர்லி யூ லாக்ட் த டோர்?’ என்றால் ‘கதவைப் பூட்டினீங்கதானே?’ நம்ம ‘தானே’தான் அது. பூட்டலையோ என்ற சந்தேகமும் உள்ளே ஒளிஞ்சிருக்கு.

பதில் 2: ‘ஹி சர்ட்டன்லி நோஸ்’ என்றால் அவருக்குத் தெரியும், பேச்சே இல்லை. ‘ஷுர்லி ஹி நோஸ்’ என்றால் தெரியாமலா இருக்கும்?

கேட்டவர்: அப்போ ‘ஷுர்லி நாட்’?

பதில் 1: ‘அப்படியெல்லாம் இருக்காதே!’ என்ற நம்பாமை. ‘சர்ட்டன்லி நாட்’ முகத்தில் அடித்தாற்போல மறுப்பது, மேலதிகாரியிடம் வேண்டாம்.