புதுப்பிப்பு: காட்பாடி மொட்டைமாடி லேபிள்

ஃபங்க் (தாளம் தூக்கலான அமெரிக்க இசை வகை) வாசிக்கும் நான் காட்பாடியில் சொந்தமாக ரெக்கார்டு லேபிள் (பாடல்களைப் பதிவு செய்து வெளியிடும் நிறுவனம்) தொடங்கலாமா என்று போன வருடம் கேட்டிருந்தேன். "முதலில் ஒப்பந்தம் எழுதுங்க" என்றார் ஒருவர். தொடங்கியாச்சு, மூன்று பாடல்கள் வெளிவந்துவிட்டன.

அந்த யோசனைக்கு நன்றி. 1970-ல் வெளிவந்த அமெரிக்க ஃபங்க் பாடகர் ஜேம்ஸ் பிரவுனின் பாட்டு ஒன்றில் அவருடைய டிரம்மர் கிளைட் ஸ்டபிள்ஃபீல்டு வாசித்த டிரம்ஸை மற்றவர்கள் நூற்றுக்கணக்கான பாடல்களில் வெட்டி ஒட்டினார்கள். பாட்டை உருவாக்கியவர் என்று ஸ்டபிள்ஃபீல்டு பெயரைப் போடாததால் அதற்கான ராயல்டி (உரிமைத்தொகை) அவருக்கு வரவில்லை. எங்கள் டிரம்மர் தம்பிக்கு அப்படி ஆகக்கூடாதென்று அவன் பங்கை எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டேன். (படிக்காமலே போட்டான், அது வேறு கதை.)

ஒவ்வொரு பதிவுக்கும் வேண்டிய ஐ.எஸ்.ஆர்.சி குறியீட்டை (எழுத்தும் எண்ணுமாக 12 இடங்கள் கொண்ட, பதிவின் அடையாள எண்) விநியோகஸ்தரே கொடுத்தார். வேலூர் வெயில்தான் கெடுத்தது: பதிவில் சத்தம் விழாமலிருக்க மின்விசிறியை நிறுத்தினால் வியர்வை, பேஸ் கிட்டார் கம்பியில் சுதி இறக்கம். அப்புறம் ராத்திரியில் மட்டும் பதிவு.