சைவம் என்று நம்பி வாங்கினேன்: உங்களுக்கும் இப்படி நடந்ததுண்டா?

செந்தூல்வாசி எழுதியது:

போன புரட்டாசி மூன்றாவது சனிக்கிழமை. சுங்கை பட்டாணியிலிருந்து அம்மா வந்திருந்தார். அவருக்கு மாதம் முழுக்கச் சைவம், எனக்குச் சனிக்கிழமை மட்டும். மசாலா அரைக்க நேரமில்லை என்று பேரங்காடியில் ஒரு குழம்பு விழுது பாக்கெட் எடுத்தேன். 3 வெள்ளி 90 காசு (மலேசிய ரிங்கிட்). முன்பக்கம் கத்தரிக்காய், வெண்டைக்காய், தக்காளி படம். நான் பார்த்தது அவ்வளவுதான்.

அம்மா சட்டியில் விழுதைப் போட்டு நாலு கிளறு கிளறினார். அப்புறம் கரண்டி நின்றது. "ஏன்யா, கருவாடு எதுவும் பொரிச்சியா?" என்று கேட்டார். இல்லையே என்றேன். குப்பைத் தொட்டியிலிருந்து பாக்கெட்டை எடுத்துப் பின்பக்கம் படித்தேன். மிளகாய், வெங்காயம், எண்ணெய், ஊடாங் கெரிங். காய்ந்த இறால்! எழுத்து எறும்பு அளவுக்கு இருந்தது.

அவர் திட்டவே இல்லை. அடுப்பை அணைத்தார், குழம்பைக் கொட்டினார், சட்டியை மூன்று முறை தேய்த்துக் கழுவினார். சோற்றில் மோர் ஊற்றி, ஊறுகாய் தொட்டுச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டார். ஒரு வருடம் ஆகப்போகிறது, அந்தச் சட்டி தேய்த்த சத்தம் இன்னும் என்னை விடவில்லை. இந்த வருடமும் வருகிறார். வீட்டில் நாங்கள் இரண்டு பேர், வாரத்துக்கு 100 வெள்ளிக்குள் காய்கறி, மளிகை எல்லாம் முடிக்க வேண்டும். உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்.

பால்விட்டவள் எழுதியது:

எனக்கு நடந்தது நல்ல விஷயம், ஆனாலும் மனசை உறுத்துகிறது. நான் பால், முட்டை, தேன் எதுவும் எடுப்பதில்லை. நனிசைவம். புடு சந்தைப் பக்கம் ஒரு சின்னச் சீனச் சைவக் கடை இருந்தது. சீன நாள்காட்டியின் 9-ஆம் மாதம் முதல் 9 நாள் ஒன்பது பேரரசர் விழா வருமே, அப்போது அங்கே மஞ்சள் கொடி கட்டிக் கூட்டம் நெரியும். சைவக் கடைதானே, இங்கே எதையும் படிக்க வேண்டாம் என்று உறைந்த சோயா மீன் ஒரு பாக்கெட்டை எடுத்தேன்.

கடைக்கார ஆன்ட்டிக்குத் தமிழும் தெரியாது, மலாயும் அரைகுறை. அதற்கு முந்தின வாரம் நான் "சூசு தா மாவ், தெலூர் தா மாவ்" (பால் வேண்டாம், முட்டை வேண்டாம்) என்று சொன்னதை ஞாபகம் வைத்திருந்திருக்கிறார். அந்தக் கூட்டத்தில் கல்லாவை விட்டு இறங்கி வந்து, என் கையிலிருந்த பாக்கெட்டைப் பிடுங்கி, "தெலூர்! தெலூர்!" என்று விரலால் ஒரு வரியைத் தட்டிக் காட்டினார். முட்டை வெள்ளைக் கரு. சோயா இறைச்சி ஒட்டிப் பிடிப்பதற்கு அதைப் போடுவது உண்டாம். அதற்குப் பதில் பத்து காசு லாபம்கூட இருக்காத காய்ந்த ஃபூச்சோக் கட்டு ஒன்றை, அதாவது சோயாப் பால் ஆடையை, எடுத்துக் கொடுத்தார்.

பிறகு மூன்று மாதம் போகவில்லை. போனபோது கடை மூடிக் கிடந்தது. ஒழுங்காக ஒரு நன்றி சொல்லவில்லை. யாருக்காவது அந்தக் கடை எங்கே மாறியது என்று தெரிந்தால் சொல்லுங்கள்.

ஜெலுத்தோங் பெரியவர் எழுதியது:

என் கதை சின்னது. பேத்தி பிறந்த நாளுக்கு ஜெல்லி மிட்டாய் வாங்கி, முதலில் முருகன் படத்துக்கு முன்னால் தட்டில் வைத்தேன். ஹலால் முத்திரை இருந்தது, பழப் படம் இருந்தது. பேத்தி பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "தாத்தா, இதுல ஜெலட்டின்னு போட்டிருக்கு, மாட்டு எலும்புல செய்றதுன்னு டீச்சர் சொன்னாங்க" என்றாள். எனக்கு 68 வயது. சாமி தட்டிலிருந்து நானே எடுத்துக் குப்பையில் போட்டேன். ஹலால் முத்திரை முஸ்லிம்களுக்கு ஆகுமா என்று சொல்வது. சைவமா என்று அது சொல்லாது. இதை எல்லாரும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஜெல்லி வேண்டும் என்றால் அகர் அகர் வாங்கிக் காய்ச்சுங்கள், அது கடல்பாசி. ஒரு சின்னப் பாக்கெட்டில் ஒரு தட்டு நிறைய வரும்.

பால்விட்ட தங்கச்சி, கோபித்துக்கொள்ளாதீர்கள். சோயா மீன், சோயா கோழி எல்லாம் எதற்கு? மீன் வேண்டாம் என்று விட்டவர்கள் மீன் உருவத்தில் ஒன்றுக்கு ஏன் காசைக் கொட்ட வேண்டும்? பாசிப்பயறு, கொண்டைக்கடலை, காராமணி, துவரை என்று வாங்குங்கள். லிட்டில் இந்தியாவில் மூட்டை பிரித்து நிறுத்துத் தரும் கடைகளில், அட்டைப்பெட்டியில் வருவதைவிட விலை குறைவு. 2 கிலோ, 3 கிலோ என்று எடுங்கள். கீரையும் கங்கோங்கும் காலையில் வாங்காமல் சந்தை கட்டுகிற நேரத்தில் போனால் இரண்டு கட்டு ஒரு கட்டு விலைக்குக் கிடைக்கும். டின்னில் வரும் கடலையைவிட ராத்திரி ஊறவைத்த கடலை எத்தனையோ மலிவு.

லேபிள் படிக்கும் முறையும் சொல்கிறேன். மலேசியாவின் 1985-ஆம் ஆண்டு உணவு விதிமுறைப்படி, உள்ளே இருப்பதை எடை அதிகமானதில் தொடங்கி வரிசையாக எழுத வேண்டும். அதனால் பெலாச்சான் (இறால் விழுது), பிலிஸ் (நெத்திலி) எல்லாம் பெரும்பாலும் கடைசியில்தான் ஒளிந்திருக்கும். கடைசி வரியிலிருந்து மேலே படியுங்கள். ஊடாங் (இறால்), ஈக்கான் (மீன்), சோத்தோங் (கணவாய்), திராம் (சிப்பி), தெலூர் (முட்டை), சூசு (பால்), இந்த ஆறு சொல்லையும் முதலில் தேடுங்கள். உணவில் சேர்க்கும் பொருள்களுக்குப் போடும் எண்களில் 120 என்றால் பூச்சியிலிருந்து எடுத்த சிவப்பு, 904 அரக்குப் பூச்சியிலிருந்து வருவது. 471-உம் 631-உம் செடியிலிருந்தும் வரலாம், விலங்கிலிருந்தும் வரலாம். பாக்கெட்டைப் பார்த்து முடிவு செய்ய முடியாது, கம்பெனிக்கு எழுதித்தான் கேட்க வேண்டும். பழமும் காயும் கலந்த ரொஜாக்கில் ஊற்றும் சாஸ் வாங்கவே வாங்காதீர்கள், இறால் விழுது இல்லாமல் அது அபூர்வம். இன்னொன்று தங்கச்சி, பாலும் முட்டையும் இல்லையென்றால் வைட்டமின் பி12 மாத்திரை எடுக்கிறீர்களா? அதற்குத் தெம்பேயை (சோயாவை நொதிக்க வைத்துச் செய்த கட்டி) நம்பி இருக்காதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள்.

இரவு ஷிப்டு எழுதியது:

ஐயா, சொன்னதெல்லாம் சரி, ஆனால் எல்லாருக்கும் வீட்டில் அடுப்பும் ஊறவைக்க நேரமும் இருக்கிறது என்று நினைக்காதீர்கள். நான் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு வேலை. அறையில் ஆறு பேர், ஒரு ரைஸ் குக்கர். கடலையை ஊறவைத்தால் வேகவைக்க யார் விடுவார்கள்? அந்த அக்கா சோயா மீன் வாங்கினால் அவருக்கு அதில் ஒரு சுகம். பதினைந்து வருடம் மீன் சாப்பிட்ட நாக்குக்கு ஒரு வழி வேண்டாமா? பருப்பே போதும் என்று சொல்லிச் சொல்லித்தான் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

என் அனுபவம் இதுதான். சம்பளத்துக்கு நான்கு நாள் இருந்தது, கையில் 11 வெள்ளி. இரவுச் சந்தையில் ஒரு மலாய் மக்சிக் (வயதான அம்மா) தெம்பே விற்கிறார். கூடவே சின்னப் பாக்கெட்டில் சம்பல் கட்டித் தருவார். இதில் பிலிஸ் இருக்கிறதா என்று கேட்டேன். "சிக்கிட் சாஜா, சாயாங்" என்றார். கொஞ்சம்தான், செல்லம். ஏமாற்றவில்லை, உண்மையைத்தான் சொன்னார். அவருக்கு நெத்திலி ஒரு மசாலா மாதிரி, இறைச்சிக் கணக்கிலேயே வராது. கொஞ்சமும் வேண்டாம் மக்சிக், நான் விரதம் என்றேன். என் முகத்தையே ஒரு நிமிடம் பார்த்தார். சம்பலை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, அந்த இடத்தில் இன்னும் இரண்டு தெம்பே வைத்துக் கட்டினார். காசு வாங்கவில்லை. நான்கு நாளும் அதுதான் எனக்கு. இப்போதும் யாராவது "சிக்கிட் சாஜா" என்றால் எனக்குக் கோபம் வருவதில்லை, அந்த முகம்தான் வருகிறது.

மளிகைக்கடைப் பையன் எழுதியது:

செந்தூல்வாசி அண்ணே, உங்களுக்கு நடந்ததற்கு நேர் எதிர் எனக்கு நடந்தது. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மளிகைக் கடையில் வேலை. ஒரு பாட்டி மசாலாத் தூள் பாக்கெட்டைக் கொண்டுவந்து கல்லாவில் வைத்தார். கை நடுங்கியது. "இறைச்சின்னு போட்டிருக்கியே, தைப்பூச விரதத்துல இத போட்டுச் சமைச்சுட்டேன்" என்றார். அது இறைச்சிக் கறி மசாலா. பின்பக்கம் படித்துக் காட்டினேன்: மல்லி, மிளகாய், சோம்பு, சீரகம், மஞ்சள், மிளகு. இறைச்சிக்குப் போடுகிற தூள்தான் பாட்டி, இறைச்சி போட்ட தூள் இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. மறுநாள் பேரனைக் கூட்டிவந்து அவன் வாயால் படிக்கச் சொன்னார். அவன் ஒவ்வொரு பெயராகப் படிக்கப் படிக்க, அவர் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். சீரகம் என்றதும் ஒரு தரம் மூச்சு விட்டார்.

காய் படம் போட்ட விழுதில் இறால் இருக்கிறது, இறைச்சி என்று எழுதிய தூளில் மல்லியும் மிளகாயும் மஞ்சளும் மாதிரி மசாலாதான் இருக்கிறது. அதனால் விழுதைவிடத் தூளே வாங்குங்கள். விலையும் குறைவு, ஆறு மாதம் கெடாது. தேங்காய்ப்பால் ஊற்றினால் அதுவே குழம்பு.

செந்தூல்வாசி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. தூள் வாங்கிவிட்டேன். நேற்று அம்மாவுக்குப் போன் போட்டு இவை எல்லாம் படித்துக் காட்டினேன். மக்சிக் கதையை இரண்டு முறை கேட்டார். இப்போது தெம்பே வாங்கி வை என்கிறார், ஆனால் "பூஞ்சை புடிச்சதாமே, வயித்துக்கு ஆகுமா?" என்றும் கேட்கிறார். இரவு ஷிப்டு தங்கச்சி, எப்படிச் செய்வது?

இரவு ஷிப்டு எழுதியது:

அந்த வெள்ளைப் பூஞ்சைதான் சோயாவைக் கட்டிப் பிடிக்கிறது அண்ணே, தோசை மாவு புளிப்பது மாதிரி என்று அம்மாவிடம் சொல்லுங்கள். அங்கங்கே கறுப்புப் புள்ளி இருந்தால் பரவாயில்லை. கொழகொழவென்று இருந்து மூக்கைத் துளைக்கிற நாற்றம் அடித்தால் மட்டும் வாங்காதீர்கள். மெல்லிசாக வெட்டி, உப்பு, மஞ்சள், கொஞ்சம் புளித் தண்ணீரில் பத்து நிமிடம் போடுங்கள். அப்புறம் நன்றாக வடித்து, காய்ந்த எண்ணெயில் பொன்னிறமாகப் பொரியுங்கள். அம்மாவின் பழைய சட்டியிலேயே பொரியுங்கள்.