மேம்பாலத் தூண்களில் உள்ள ஸ்ப்ரே பெயின்ட் கிறுக்கல்களை அகற்றுவது எப்படி?

கேள்வி:
எங்கள் பகுதி மேம்பாலத்தின் கான்கிரீட் தூண்களிலும் அருகிலுள்ள வழிகாட்டிப் பலகைகளிலும் இருக்கும் கிறுக்கல்களை, உரிய துறையின் அனுமதியுடன் தன்னார்வலர்களாக அகற்ற இருக்கிறோம். உயர் அழுத்தத் தண்ணீர் மட்டும் போதுமா, அல்லது மேலே வண்ணம் பூசி மறைத்துவிடலாமா?

பதில் 1:
தண்ணீரை மட்டும் நம்ப வேண்டாம். கான்கிரீட்டில் நுண்துளைகள் ஏராளம் என்பதால், அழுத்தத்தோடு பீய்ச்சும்போது நிறமி இன்னும் உள்ளே இறங்கி நிழல்போலத் தங்கிவிடக்கூடும். பெயின்ட் நீக்கும் ஜெல்லை முதலில் ஓர் ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்குத் தடவிச் சோதித்து, டப்பாவில் குறித்துள்ள நேரம்வரை காயாமல் ஊறவிட்டு, நைலான் பிரஷ்ஷால் தேய்த்த பிறகே கழுவுங்கள். கம்பி பிரஷ் கூடவே கூடாது. அதன் துகள்கள் கான்கிரீட்டில் பதிந்து பின்னாளில் துருக்கறையாகும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

பதில் 2:
வழிகாட்டிப் பலகைகளைத் தயவுசெய்து துறையினரிடமே விட்டுவிடுங்கள். அவற்றின் மேல் ஒட்டியிருக்கும், இரவில் வாகன வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் தாளைப் பெயின்ட் நீக்கும் கரைப்பான்கள் கெடுத்துவிட்டால், எழுத்து பகலில் தெளிவாகத் தெரிந்தாலும் இருட்டில் ஓட்டுநருக்குத் தெரியாது.

பதில் 3:
வண்ணம் பூசுவதானால் கிறுக்கலை மட்டும் சதுரமாக மறைக்காமல், கான்கிரீட்டில் தெரியும் ஓர் இணைப்புக் கோட்டிலிருந்து அடுத்த கோடுவரை முழுவதும் பூசுங்கள். இல்லாவிட்டால் ஒட்டுப்போட்டதுபோலத் தெரியும். ஆனால் விரிசல் உள்ள இடத்தை மூடிவிட்டால் பாலத்தை ஆய்வு செய்பவர் கண்ணில் அது படாது என்பதால், நான் ஜெல்லையே பரிந்துரைப்பேன். பாலத்தின் கீழே நீரோட்டம் இருந்தால், கழுவிய நீர் அதில் கலக்காதபடி தடுத்துச் சேகரிக்க ஏற்பாடு செய்த பின்னரே வேலையைத் தொடங்குங்கள்.