போன் பார்த்தபடி கார் ஓட்டினால் லைசென்ஸைப் பறிக்கலாமா?

இரட்டைச்சக்கரம்:
சென்னை ஓ.எம்.ஆர். சாலையில் தினமும் பைக்கில் போய் வருபவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கம். முன்னால் போகிற கார் கொஞ்சம் கொஞ்சமாக இடப்பக்கம் சரியும், திடீரென்று நடுவுக்கு வரும், பச்சை விழுந்த பிறகும் அசையாது. குடித்திருக்கிறாரோ என்று தாண்டிப்போய்ப் பார்த்தால், மடியில் போன், முகத்தில் அதன் வெளிச்சம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வண்டி நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் ஓடுகிறது. மூன்று நொடி வாட்ஸ்அப் பார்த்தால் 50 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதாக அர்த்தம். அந்த 50 மீட்டருக்குள் ஒரு பைக் இருந்தால்?

மோட்டார் வாகனச் சட்டம் 184-வது பிரிவில் இதற்கு முதல் தடவை 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை என்றெல்லாம் இருக்கிறது. நடைமுறையில் ஒரு இ-செலான் வரும், அதைக் கட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். அபராதத்தை விட்டுவிட்டு லைசென்ஸில் கை வைக்க வேண்டும். முதல் தடவைக்கே மூன்று மாதம் ரத்து. என்ன சொல்கிறீர்கள்?

நான்குவழிச்சாலை:
நண்பரே, காரில் இருப்பவன் மட்டும்தான் போன் பார்க்கிறானா? ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிக்கொண்டு தலையைச் சாய்த்தபடி பேசிக்கொண்டு போவது யார்? ஒரு கையில் ஆக்சிலேட்டர், மறு கையில் மெசேஜ் என்று போகிறவர்களை நான் காட்டவா? நான் இடப்பக்க இண்டிகேட்டர் போட்டு, கண்ணாடி பார்த்து, திரும்புவதற்குள் இடப்பக்க இடுக்கில் ஒரு ஸ்கூட்டி நுழைகிறது. உரசினால் கூட்டம் கூடுகிறது, தப்பு கார்க்காரன் மேல்தான்.

எண்களையும் பார்த்துவிடுவோம். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2021 அறிக்கையில் செல்போனால் நடந்த விபத்துகளில் இறந்தவர்கள் 1,040 பேர். அந்த ஆண்டு சாலையில் மொத்தம் இறந்தவர்கள் 1,53,972 பேர். ஒரு சதவீதம்கூட இல்லை. அதிவேகத்தால் மட்டும் சுமார் 70 சதவீதம். எதை முதலில் திருத்த வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.

இரட்டைச்சக்கரம்:
பைக்காரர் போன் பார்த்தால் பெரும்பாலும் அவரே விழுகிறார். கார்க்காரர் போன் பார்த்தாலும் பைக்காரர்தான் விழுகிறார். 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்களில் 44.5 சதவீதம் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். பம்பர், ஏர்பேக், சீட் பெல்ட் எல்லாம் உங்களுக்கு. எங்களுக்கு இருப்பது ஒரு ஹெல்மெட். இருவரையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

நான்குவழிச்சாலை:
அந்த 44.5 சதவீதத்தில் தானாகச் சறுக்கி விழுந்தவர், லாரியில் மோதியவர், ஹெல்மெட் போடாதவர் எல்லோரும் இருக்கிறார்கள். மொத்தத்தையும் என் மடியில் இருக்கிற போன் மேல் ஏற்றுகிறீர்கள்.

மஞ்சள்போர்டு:
நான் கால் டாக்சி ஓட்டுகிறவன். என் டேஷ்போர்டில் இரண்டு போன். ஒன்றில் மேப், இன்னொன்றில் சவாரி ஆப். ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த சவாரி வந்து மணி அடிக்கும். சில நொடிக்குள் தொடாவிட்டால் போய்விடும். நிறைய விட்டால் அடுத்த சவாரி வருவது குறையும் என்று எங்களுக்குள் எல்லோரும் நம்புகிறோம், அதனால் கை தானாகப் போகிறது. இதற்கு நடுவே கஸ்டமர் போன் செய்து "எங்க வந்துட்டு இருக்கீங்க?" என்பார். எடுக்காவிட்டால் கேன்சல்.

அண்ணே, நீங்கள் மூன்று மாதம் லைசென்ஸ் ரத்து என்று சுலபமாகச் சொல்கிறீர்கள். ஐ.டி. வேலைக்காரர் அந்த மூன்று மாதம் மெட்ரோவில் போவார். என் வீட்டில் அடுப்பு எரியாது. வண்டி ஓடும்போது சவாரி மணி அடிக்கக் கூடாது என்று ஆப் கம்பெனிக்கு ஒரு சட்டம் போடுங்கள், வண்டி நின்ற பிறகு அடிக்கட்டும். அதை யாரும் பேச மாட்டேன் என்கிறீர்களே?

வழக்குக்கட்டு:
மோட்டார் விபத்து வழக்குகளை நடத்துகிறவன் என்ற முறையில் இரண்டு விஷயம் சொல்லிக்கொள்கிறேன்.

முதலாவது, இரட்டைச்சக்கரம் கேட்கிற தண்டனை ஏற்கெனவே இருக்கிறது. சாலைப் பாதுகாப்புக்காக உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி கே.எஸ்.ராதாகிருஷ்ணன் குழு, 2015-லேயே எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவு அனுப்பிவிட்டது. அதிவேகம், சிக்னல் மீறல், குடித்துவிட்டு ஓட்டுவது, ஓட்டும்போது போன் பேசுவது ஆகியவற்றுக்குக் குறைந்தது மூன்று மாதம் லைசென்ஸை நிறுத்தி வைக்க வேண்டும். குடித்துவிட்டு ஓட்டியவரின் லைசென்ஸ் போனதைப் பார்த்திருப்பீர்கள். போன் பேசியதற்காகப் போன ஒருவரையாவது உங்களுக்குத் தெரியுமா? புதுச் சட்டம் கேட்பதற்கு முன்னால் இதைக் கேளுங்கள்.

இரண்டாவது, நான்குவழிச்சாலை காட்டிய 1,040. இந்த எண் எங்கிருந்து வருகிறது என்று யோசித்தீர்களா? காவல் நிலையத்தில் பதிவாகிற காரணத்திலிருந்துதான். எந்த விபத்து எஃப்.ஐ.ஆரை எடுத்தாலும் ஒரே வாசகம்: "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து". பெருங்களத்தூரில் பதிவானாலும் சரி, பெரம்பலூரில் பதிவானாலும் சரி, அதேதான். சம்பவ இடத்துக்குப் போலீஸ் வரும்போது போன் பாக்கெட்டுக்குள் போயிருக்கும். "நான் ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருந்தேன் சார்" என்று யாராவது வாக்குமூலம் கொடுப்பார்களா? போன் பார்த்து இடித்ததெல்லாம் அந்த "அஜாக்கிரதை"க்குள் ஒளிந்து, அப்படியே அதிவேகக் கணக்கில் ஏறிவிடுகிறது. உங்கள் 70 சதவீதத்தில் போனின் பங்கு எவ்வளவு என்று அந்த அறிக்கையை வைத்துச் சொல்லவே முடியாது.

நான்குவழிச்சாலை:
வக்கீல் சார், சொல்ல முடியாது என்றால் இரண்டு பக்கமும் சொல்ல முடியாதுதானே? "ஒளிந்திருக்கிறது" என்று மட்டும் எப்படி அடித்துச் சொல்கிறீர்கள்?

பின்சீட்டு:
நான் அதிகம் பைக்கின் பின்னால் உட்கார்ந்து போகிறவள், சில நாள் ஸ்கூட்டரும் ஓட்டுவேன். போனைக் கையில் எடுப்பதை மட்டுமே எல்லோரும் பேசுகிறீர்கள். 184-வது பிரிவும் கையில் பிடிக்கிற கருவியைத்தான் சொல்கிறது. 2020 அக்டோபரிலிருந்து வழி பார்ப்பதற்கு மட்டும், கவனம் சிதறாமல், போனைப் பயன்படுத்தலாம் என்று விதியையும் தளர்த்திவிட்டார்கள். ப்ளூடூத்தில் பேசினால் எந்தப் போலீஸும் பிடிக்க மாட்டார். ஆனால் ஓட்டும்போது போன் பேசுபவர் விபத்தில் சிக்கும் வாய்ப்பு நான்கு மடங்கு என்று சொல்கிற உலக சுகாதார நிறுவனம், கையில் பிடிக்காமல் பேசினாலும் பெரிய பாதுகாப்பு இல்லை என்றே சொல்கிறது. கண் சாலையில் இருக்கும், மனசு மேனேஜரிடம் இருக்கும்.

1999-இல் அமெரிக்காவில் சைமன்ஸ், சாப்ரிஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு வீடியோவில் எத்தனை தடவை பந்து கைமாறுகிறது என்று எண்ணச் சொன்னார்கள். நடுவில் கொரில்லா வேஷம் போட்ட ஒருவர் வந்து, நெஞ்சில் தட்டிவிட்டுப் போகிறார். எண்ணிக்கொண்டிருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் அவரைக் கவனிக்கவே இல்லை. அவ்வளவு பெரிய உருவமே தெரியாதபோது, காரின் முன்கண்ணாடி ஓரத்துத் தூணுக்குப் பக்கத்தில் வருகிற ஒல்லியான பைக் எங்கே தெரியப்போகிறது? சின்னதாகத் தெரிவதாலேயே "இன்னும் தூரத்தில் வருகிறது" என்று மூளை தப்பாகக் கணக்குப் போடுகிறது, யூ டர்ன் எடுக்கிறவர் அந்த நம்பிக்கையில் திருப்பிவிடுகிறார். 2017 ஏப்ரலிலிருந்து புது டூவீலர்களுக்குப் பகலிலும் விளக்கு எரிய வேண்டும் என்று கொண்டுவந்தது இதற்காகத்தான். பாதிப் பேர் இன்னும் எதிரில் வந்து "லைட் எரியுது" என்று விரலை ஆட்டுகிறார்கள், அது வேறு கதை.

நான்குவழிச்சாலை:
அப்படியானால் பக்கத்து சீட்டில் இருக்கிற மனைவியிடம் பேசுவதற்கும் லைசென்ஸ் ரத்தா?

பின்சீட்டு:
பக்கத்தில் இருப்பவருக்கும் சாலை தெரிகிறது சார். பஸ் குறுக்கே வந்தால் அவரே பேச்சை நிறுத்துவார், "பாத்து!" என்று கத்தவும் செய்வார். போனில் இருப்பவருக்குக் கத்திப்பாராவும் தெரியாது, கன்டெய்னரும் தெரியாது. அவர் பாட்டுக்குக் கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பார்.

இரட்டைச்சக்கரம்:
அருமை. லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் 900 பைக் விபத்துகளை நேரில் ஆராய்ந்து ஹாரி ஹர்ட் என்ற பேராசிரியர் 1981-இல் கொடுத்த அறிக்கையும் இதற்கு ஒத்துப்போகிறது. வேறு வண்டியோடு மோதிய விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்கில், அந்த வண்டிக்காரர்தான் பைக்குக்கு விட வேண்டிய வழியை விடாமல் போயிருந்தார். "பைக்கைப் பார்க்கவே இல்லை" என்பதுதான் அங்கேயும் பதில். அப்போது செல்போன்கூட இல்லை!

நான்குவழிச்சாலை:
நீங்களே எனக்கு வசதியாகப் பேசிவிட்டீர்கள். செல்போன் இல்லாத காலத்திலேயே பைக் கண்ணில் படவில்லை என்றால் குற்றம் போனுடையதா? அதோடு அது லாஸ் ஏஞ்சல்ஸ். லேன் இருக்கிறது, லேனில் போகிறார்கள். மெட்ரோ வேலைக்குத் தடுப்பு வைத்துப் பாதிச் சாலையை எடுத்துக்கொண்ட பெருங்குடியில், எதிர்த்திசையில் வருகிற பைக்கையும் சேர்த்து நான் எத்தனை பக்கம் பார்ப்பது? போன் பார்ப்பது சரி என்று நான் எங்கும் சொல்லவில்லை. மூன்று மாத ரத்து என்றால் அது பைக்குக்கும் சேர்த்து இருக்கட்டும். சம்மதமா?

இரட்டைச்சக்கரம்:
சம்மதம். இன்றைக்கே கொண்டுவரட்டும்.

ஹாட்பேக்:
எனக்குச் சம்மதம் இல்லை. நான் சாப்பாடு டெலிவரி செய்கிறவன். மஞ்சள்போர்டு அண்ணன் சொன்னதேதான், என் போன் ஹேண்டில்பாரில் இருக்கிறது. கேட் எது, எத்தனையாவது மாடி, "லிஃப்ட் பக்கம் வாங்க" எல்லாம் அதில்தான் வரும். வெயிலில் திரை தெரியாது, குனிந்து பார்க்கத்தான் வேண்டும். போன வாரம் ஒரு கார்க்காரர் நிறுத்திய காரின் கதவைப் பின்னால் பார்க்காமல் திறந்தார், காதில் போன். நான் விழுந்தேன். கூடியவர்கள் என்னிடம் முதலில் கேட்டது, "நீ போன் பார்த்துட்டு வந்தியா?" முதுகில் அந்தப் பை இருந்தாலே எங்கள் மேல்தான் சந்தேகம். உங்கள் சட்டம் வந்தால் யார் மாட்டுவார்? கருப்பு பிலிம் ஒட்டி, கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே இருப்பவரா, வெட்டவெளியில் இருக்கிற நானா?

மஞ்சள்போர்டு:
தம்பி சொல்வதுதான் நடக்கும். போலீஸ் கண்ணுக்குத் தெரிவது அவன்தான்.

வழக்குக்கட்டு:
இதனால்தான் சாலையில் நிறுத்திப் பிடிப்பதை நம்பி நான் பேசவில்லை. உயிர்ச்சேதமோ பலத்த காயமோ ஏற்பட்ட ஒவ்வொரு விபத்திலும் சம்பந்தப்பட்ட எல்லா ஓட்டுநர்களின் போன் அழைப்புப் பதிவையும் விசாரணை அதிகாரி கட்டாயம் வாங்க வேண்டும். 2022 ஏப்ரலிலிருந்து, விபத்து இழப்பீட்டை முடிவு செய்கிற தீர்ப்பாயத்துக்கு விரிவான விபத்து அறிக்கை கொடுக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. அதோடு இதையும் இணைத்துவிடலாம். 2021 டிசம்பரிலிருந்து தொலைபேசி நிறுவனங்கள் அழைப்பு விவரங்களை இரண்டு ஆண்டு வைத்திருக்க வேண்டும், ஆகவே "அழிந்துவிட்டது" என்ற பேச்சுக்கும் இடமில்லை. போலீஸ் வாங்காவிட்டால் மனுதாரர் தரப்பே தீர்ப்பாயத்தில் கேட்கலாம், சம்மன் அனுப்ப அதற்கு அதிகாரம் உண்டு.

சிக்கல் நேரத்தில்தான். எஃப்.ஐ.ஆரில் "சுமார் இரவு 7.30 மணியளவில்" என்று இருக்கும். 7.28-க்குப் பேசி முடித்தவர் என்ன ஆவார்? அதனால் நான் 108-க்கு முதலில் போன அழைப்பின் நேரத்தையும், பக்கத்துக் கடையின் சிசிடிவியையும் தேடச் சொல்வேன். வாட்ஸ்அப் படித்தார், ரீல்ஸ் பார்த்தார் என்பதெல்லாம் அழைப்புப் பதிவில் வராது. அதற்குப் போனையே கைப்பற்றி ஆராய வேண்டும், காயவழக்குக்கு யாரும் அவ்வளவு தூரம் போவதில்லை.

இரட்டைச்சக்கரம்:
இது லைசென்ஸ் ரத்தைவிட நல்ல யோசனை. ஆனால் எல்லா ஓட்டுநர்களும் என்றால் அடிபட்ட பைக்காரருடையதும் சேர்த்தா?

வழக்குக்கட்டு:
சேர்த்துத்தான். இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் முதலில் கேட்கப்போவதே அதைத்தான். அவரும் பேசிக்கொண்டு வந்தார் என்று தெரிந்தால் பங்களிப்புக் கவனக்குறைவு என்று சொல்லி இழப்பீட்டில் ஒரு பங்கைக் கழிப்பார்கள்.

நான்குவழிச்சாலை:
அதற்கு என் ஓட்டு.

ஹாட்பேக்:
வக்கீல் சார், ஒரு சந்தேகம். விழுந்த நேரத்தில் என் போனில் ஒரு ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. அப்போது நான் திரையைத் தொட்டேனா, இல்லையா என்பது கம்பெனி சர்வரில்தானே இருக்கும்? அதையும் சம்மன் அனுப்பி வாங்க முடியுமா? முடியும் என்றால் என் நம்பரையும் தருகிறேன், அந்தக் கதவைத் திறந்தவர் நம்பரையும் கேளுங்கள்.

வழக்குக்கட்டு:
கேட்டுப் பார்க்கலாம், ஆனால் கம்பெனி இழுத்தடிக்கும். முதலில் எஃப்.ஐ.ஆர். போட்டிருக்கிறீர்களா, தம்பி?

ஹாட்பேக்:
இல்லை சார். கையில் 500 ரூபாய் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.