பெத்தாட கூட்டம் (குடும்பக் குறூப்; பெத்தா எண்டா பாட்டி)

ரமணன் சுவிஸ் 6:12
எல்லாருக்கும் வணக்கம். ஓகஸ்ட் 3 வந்து இறங்குறம். புள்ளைகளுக்கு ஒரே ஆசை. இங்க கண்டர்ஸ்டெக்கில காட்டுக்குள்ளால நடந்து ஓஷினன் ஏரிக்குப் போனம். ஊரிலயும் அப்பிடி ஒரு நாள் நடக்கணுமாம். எங்க போகலாம்?
(படம்)

வதனி 6:15
ஐயோ என்ன நீலம்

கஜன் 6:15
பில்டர்

ரமணன் சுவிஸ் 6:17
பில்டர் இல்லடா. 1578 மீற்றர் உயரம். மலை சரிஞ்சு விழுந்த கல்லு தண்ணிய மறிச்சு உண்டான ஏரி

மேகலா சின்னம்மா 6:18
சின்னவனும் நடந்தானா மனே

ரமணன் சுவிஸ் 6:19
பாதிக்கு மேல தொங்கு கார் இரிக்கு சின்னம்மா. மிச்சம் அரை மணித்தியாலம்

கஜன் 6:19
ஓ நடை 😂

குணம் மாமா 6:41
ரமணன், முதல்ல ஒண்ட விளங்கிக்கொள். நம்மட மட்டக்களப்புப் பக்கம் மலைக்கு மேல ஏரி இல்ல. இரிக்கிறதெல்லாம் குளம், மனிசன் அணை கட்டி மறிச்சது. உன்னிச்சை, உறுகாமம், வாகனேரி எல்லாம் அப்பிடித்தான். சுத்திவர மலையும் நடுவில தண்ணியும் வேணுமெண்டா அம்பாறைப் பக்கம் இங்கினியாகலை. சேனாநாயக்க சமுத்திரம். 1949ல தொடங்கின கல்லோயாத் திட்டம், அமெரிக்கக் கொம்பனி வந்து கட்டினது. ஆனா அது தேசியப் பூங்கா, நினைச்ச இடத்தில இறங்கி நடக்கேலாது. வள்ளத்தில போய்ப் பார்க்கலாம். யானை தீவுக்குத் தீவு நீந்தும்.

கஜன் 6:42
யானை 🔥 அதுக்கே போவம்

பெரியம்மா 6:50
கல்லோயாவா. அப்பா அங்க வேலைக்குப் போய் 56 கலவரத்தில உடுத்த துணியோட ஓடி வந்தவர். நான் வரல்ல

மேகலா சின்னம்மா 6:58
🙏

குணம் மாமா 7:10
அப்ப மிஞ்சுறது குடும்பிமலை. கிரானால திரும்பி புலிபாய்ந்தகல் தாண்டிப் போகணும். மாரியில அந்த றோட்டு தண்ணிக்குள்ள, வள்ளம்தான். இப்ப கச்சான் காத்து, புழுதி மட்டும். நம்மட ஆக்கள் அந்தக் கல்லப் பார்த்து குடும்பி எண்டாங்க. வெள்ளைக்காரன் தொப்பி எண்டான், பாரன்ஸ் கெப். சிங்களத்திலயும் தொப்பிகல. ஏரி இல்ல, ஆனா மேல ஏறினா காடு முழுக்கத் தெரியும்.

மேகலா சின்னம்மா 7:12
2007ல சண்டை நேரம் டிவியில காட்டின மலையெலுவா

வதனி 7:12
சின்னம்மா

மேகலா சின்னம்மா 7:13
சரி சரி

குணம் மாமா 7:20
விடிய ஆறுக்கு முதல் வெளிக்கிடணும். ஆளுக்கு 3 லீற்றர் தண்ணி. ஓகஸ்ட்டில குளம் வத்த வத்த யானை தண்ணி தேடி வரும், அதால நாலு மணிக்குப் பிறகு காட்டுக்குள்ள நிக்கப்படா. பாலைப்பழம் கிடக்கிற இடத்தில கரடியும் வரும். உண்ணி கடிக்கும், நீளக் காற்சட்டை

வதனி 7:22
மாமா போன முறை குறுக்கு வழி எண்டு போய் உறுகாமத்தில வான் சேத்துக்குள்ள புதைஞ்சது

குணம் மாமா 7:23
அது றைவர்ட பிழை

கஜன் 7:23
றைவர் நீங்கதானே

பெரியம்மா 7:25
கோயில் இரிக்கிற மலை. மச்சம் கொண்டு போகப்படா

கஜன் 7:25
அப்ப கோழிப் புரியாணி??

பெரியம்மா 7:27
வாழையிலையில சோறு பருப்பு மாங்காய்ச் சம்பல். வரக்குள்ள கிரானில எருமைத் தயிர் வாங்கலாம்

வதனி 7:31
ரமணன், 5ந் திகதி பெத்தாட ரெண்டாம் ஆண்டுத் திவசம். முதல் அத சொல்லு. நிப்பியா

ரமணன் சுவிஸ் 7:33
நிப்பன் அக்கா

வதனி 7:33
செத்தவீட்டுக்கும் இப்பிடித்தான் சொன்ன

ரமணன் சுவிஸ் 7:34
டிக்கெட் கிடைக்கல்ல எண்டு எத்தின தரம் சொல்றது

மேகலா சின்னம்மா 7:34
குறூப்பில வேணாம் புள்ளைகள்

குணம் மாமா 7:35
மறந்திட்டன். செருப்பு சரிவராது, சப்பாத்து. சென்ட் பூசப்படா

பெரியம்மா 7:40
(குரல் பதிவு 1:47)

கஜன் 7:44
பெரியம்மா அழுறீங்களா

வதனி 7:46
கோல் எடுக்கிறன் அவவுக்கு

ரமணன் சுவிஸ் 8:20
அப்ப 8ந் திகதி குடும்பிமலைதானா?

கஜன் 8:21
எனக்கு 8 வேலை. 9?

குணம் மாமா 8:24
கிரானில தெரிஞ்ச பொடியன் ஒருத்தன் இரிக்கான். பாதை தெரிஞ்ச ஆள். கேட்டிட்டு மறுகா சொல்றன்

மேகலா சின்னம்மா 8:30
திவசத்துக்கு அந்தப் பெரிய அண்டா யார்ட்ட கிடக்கு

வதனி 8:31
குணம் மாமா வீட்ட

குணம் மாமா 8:31
போன வருசமே தந்தாச்சி

வதனி 8:32
ஆருக்கு